கோத்தகிரி வீட்டு ஹாலில் செங்கல் கணப்பு: சூடு தங்கும்படி கட்டுவது எப்படி?

மலைக்காற்று:
வணக்கம். கோத்தகிரி பக்கம், சுமார் 6,000 அடி உயரத்தில் வீட்டு வேலை நடக்கிறது. ஹால் 14க்கு 16 அடி, சுவர் உயரம் 10 அடி, மேலே மங்களூர் ஓடு. சீலிங் இன்னும் போடவில்லை. எஞ்சினியர் பிளானில் பழைய பங்களா பாணியில் திறந்த ஃபயர்ப்ளேஸ் இருக்கிறது. அதில் முகம் சுடும், முதுகு நடுங்கும்; தீ அணைந்த அரை மணியில் ஹால் பழையபடி ஜில்லென்று ஆகிவிடும். ரஷ்யா, பின்லாந்து வீடுகளில் இருப்பதுபோல இரண்டு மணி நேரம் எரித்தால் விடியும்வரை சூடு தரும் செங்கல் அடுப்பை இங்கே கிடைக்கிற பொருளை வைத்துக் கட்ட முடியுமா?

தெரிய வேண்டியவை: அஸ்திவாரம் தனியாக வேண்டுமா? சேம்பர் செங்கல் (சூளைச் செங்கல்) மட்டும் போதுமா? கொத்தனார் 1:5 சிமெண்ட் கலவையிலேயே கட்டலாம் என்கிறார், சரியா? சிம்னி எவ்வளவு அகலம், உயரம்? விறகு சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும்தான் (யூகலிப்டஸ்) கிடைக்கும். வீட்டில் வருடம் முழுக்க ஆள் இருப்பார்கள்.

தீச்செங்கல்:
தாராளமாகக் கட்டலாம். முதலில் கணக்கைப் பாருங்கள், அளவுகள் ஏன் அப்படி என்று புரியும்.

நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் வெப்பம் தரும். 10 கிலோ எரித்தால் 40 யூனிட். அதில் 70 சதவீதத்தைச் செங்கல் பிடித்துக்கொண்டால் 28 யூனிட். 3 டன் செங்கல் சராசரியாக 40 டிகிரி ஏறினால் ஏறக்குறைய அதே 28 யூனிட்தான் அதில் அடங்கும். அது 12 மணி நேரத்தில் மெதுவாக வெளியேறினால், இரண்டு கிலோவாட்டுக்குச் சற்று மேலான ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடுவதற்குச் சமம். உங்கள் ஹாலுக்கு அது போதும், சீலிங் இருந்தால். ஆக, 3 டன் எடை என்பதுதான் குறி. எடையைக் குறைத்தால் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும்.

இந்த எடைக்குத் தனி அஸ்திவாரம் கட்டாயம். அடுப்பும் பின்னால் நிற்கும் சிம்னியும் சேர்ந்து உட்கார 4½ அடிக்கு 6 அடி குழி, கெட்டி மண் வரும்வரை தோண்டி, 6 இஞ்ச் பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்), அதற்கு மேல் தரைமட்டம்வரை கருங்கல் கட்டு. வீட்டுச் சுவர் அஸ்திவாரத்தோடு இதைக் கோர்க்கக் கூடாது. இரண்டும் ஒரே அளவு இறங்காது. கோர்த்தால் விரிசல் அடுப்பில்தான் விழும். இந்தக் கட்டத்திலேயே வெளிச்சுவரிலிருந்து அடுப்பின் சாம்பல் கதவு வரை தரைக்கு அடியில் 4 இஞ்ச் குழாய் ஒன்று போட்டுவிடுங்கள். அடுப்புப் பக்கக் கடைசி 3 அடி இரும்புக் குழாயாக இருக்கட்டும். விறகு எரிவதற்கு வேண்டிய காற்று அதன் வழியாக வரும். இல்லாவிட்டால் கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்றை இழுத்து, சூடாக்கிய ஹாலை அடுப்பே குளிரவைக்கும்.

இனி உள்ளமைப்பு. எரியறை உள்ளளவு 12 இஞ்ச் அகலம், 18 இஞ்ச் ஆழம், 21 இஞ்ச் உயரம். அதன் கூரையில் பின்பக்கமாக 5க்கு 12 இஞ்ச் தொண்டை (தீயும் புகையும் மேலேறும் குறுகிய வழி). தொண்டைக்கு மேல் 2 அடி உயரத்துக்கு இன்னொரு அறை. புகையில் எரியாமல் மிஞ்சும் வாயு இந்த அறையில்தான் எரிந்து தீரும். அதனால் இதையும் கடுஞ்சூடு தாங்கும் தீச்செங்கல்லில்தான் கட்ட வேண்டும். அந்த அறையின் இரு பக்கச் சுவர்களையும் மேல்மூடிக்கு 8 இஞ்ச் கீழேயே நிறுத்திவிடுங்கள். வாயு மேலே முட்டி, இரு பக்கமும் பிரிந்து, பக்கத்துக்கு 4 இஞ்ச் அகலமான இடைவெளியில் கீழே இறங்கி, அடியில் ஒன்றுசேர்ந்து, பின்புறம் 8க்கு 8 இஞ்ச் துவாரம் வழியாகச் சிம்னிக்குள் போகும். சூடான வாயு மேலே, ஆறியது கீழே. ஆறிய வாயு தானாகவே இறங்குவதால் ஓட்டத்துக்குத் தடை இருக்காது.

வெளிச்சுவர் 4½ இஞ்ச். மொத்த வெளியளவு ஏறக்குறைய 3 அடி 2 இஞ்ச் அகலம், 3 அடி 1 இஞ்ச் ஆழம், உயரம் 6½ அடி. தேவைப்படுவது:

9 x 4½ x 3 இஞ்ச் தீச்செங்கல் 150. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 6 ரகம் விறகுத் தீக்குப் போதும். ஐஎஸ் 8 கிடைத்தால் வாங்குங்கள், நஷ்டமில்லை. கோவையில் ஃபவுண்டரிகளுக்குச் சப்ளை செய்யும் கடைகளில் தீச்செங்கல், ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்), காஸ்டபிள் (சூடு தாங்கும் கான்கிரீட் கலவை), செராமிக் வூல் (சூடு தாங்கும் பஞ்சு) நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். விருத்தாசலம் பக்கத்திலும் செங்கல் கிடைக்கும். சேலத்து மேக்னசைட் கல்லை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது உருக்கு ஆலைக்கான சரக்கு. தினமும் சூடாகி ஆறும் இடத்தில் பொரிந்து வெடிக்கும், ஈரமும் அதற்கு ஆகாது.

நன்றாக வெந்த சேம்பர் செங்கல் அடுப்புக்கு 650, சிம்னிக்கு 300. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். துளை போட்ட ஒயர்கட் செங்கல், ஹாலோ பிளாக், ஃப்ளை ஆஷ் கல் எதுவும் ஆகாது.

மேல்மூடிக்கு 29 இஞ்ச் இடைவெளியைத் தாண்ட வேண்டும். 35 இஞ்ச் நீளம், 9 இஞ்ச் அகலம், 3 இஞ்ச் கனத்தில் காஸ்டபிள் பலகை நான்கு வார்த்துக்கொள்ளுங்கள். 50 கிலோ மூட்டை மூன்று ஆகும். உள்ளே முறுக்குக் கம்பி வைக்கக் கூடாது. கம்பி வேறு அளவில் விரியும், பலகை பிளந்துவிடும். பலகைகளுக்கு மேல் 1 இஞ்ச் செராமிக் வூல், அதன்மேல் இரண்டு வரி செங்கல். மரச் சீலிங்குக்கும் அடுப்பின் தலைக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை அடி விடுங்கள்.

கட்டும்போது எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று: தீச்செங்கல் உள்கூட்டையும் வெளிச்சுவரையும் எந்த இடத்திலும் கோர்க்காதீர்கள். தீச்செங்கல் 800 டிகிரிக்குப் போனால் மீட்டருக்கு 4, 5 மிமீ நீளும். வெளிச்சுவர் 60 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். கோர்த்துக் கட்டினால் உள்கூடு வெளிச்சுவரை நெட்டித் தள்ளும். முதல் குளிர்காலத்திலேயே கதவு மூலையிலிருந்து மேலே விரல் நுழையும் வெடிப்பு வரும். முன்னும் பின்னும் 10 மிமீ இடைவெளி விட்டு செராமிக் வூல் துண்டுகளைச் செருகுங்கள். கொத்தனார் பழக்கதோஷத்தில் அந்தச் சந்தில் கலவையைத் தள்ளி நிரப்பிவிடுவார். பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

கதவும் அப்படியே. வார்ப்பிரும்புச் சட்டத்தைச் சுற்றி 5 மிமீ விட்டு செராமிக் கயிறு சுற்றி உட்காரவையுங்கள். கதவுக்கு மேல் எல் ஆங்கிள் வைத்தால் இரு முனையிலும் 5 மிமீ விட்டு, ஆங்கிள் நகரும்படி விடுங்கள். சாம்பல் அள்ள, வாயு கீழே இறங்கும் பக்கக் குழாய்கள் ஒவ்வொன்றின் அடியிலும் 5 இஞ்ச் சின்னக் கதவு, சிம்னி அடியில் ஒன்று. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கை போகாத மூலையில்தான் சாம்பல் அடையும்.

சுண்ணாம்புக்காரை:
கலவை பற்றி மட்டும் சொல்கிறேன். அடுப்புக்குள் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சிமெண்டை இறுக்கிப் பிடிப்பது அதற்குள் கட்டுண்டு இருக்கும் தண்ணீர். 300 டிகிரிக்கு மேல் அந்தத் தண்ணீர் வெளியேற ஆரம்பிக்கும், 500 டிகிரிக்குள் பிடிப்பு போய்விடும். அடுப்பு ஆறியதும் மலைக்காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி உப்பும். இப்படி இரண்டு சீசன் போனால் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடலாம். உங்கள் கொத்தனார் சொல்லும் 1:5 அஸ்திவாரத்துக்குச் சரி, அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

தீச்செங்கல்லுக்கு: ஃபயர் கிளே 1 பங்கு, தீச்செங்கல் பொடி 2 பங்கு. தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். செங்கல்லைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, கலவையில் தோய்த்து, வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார்த்த வேண்டும். சந்து 2 மிமீ, மிஞ்சினால் 3. இங்கே கலவை பசை அல்ல; மேடுபள்ளத்தை நிரப்புகிற வேலைதான் அதற்கு. சந்து பெரிதானால் அங்கே கலவை சுருங்கி உதிரும். அதனால் செங்கல் வாங்கும்போதே அளவு பார்த்து வாங்குங்கள். ஒரே லோடில் 3 மிமீ வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்பலாம்.

வெளிச்சுவருக்கும் பக்கக் குழாய்களுக்கும்: களிமண்ணும் மணலும். மேல்மண் வேண்டாம், 3 அடிக்குக் கீழே எடுத்த மண்ணாக இருக்கட்டும். 3 மிமீ சல்லடையில் சலித்து, இரண்டு நாள் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். எம் சாண்டின் தூசியைக் கழுவிவிட்டுப் போடுங்கள். விகிதத்தை மண்ணே சொல்லும்: 1:2, 1:2½, 1:3 என்று மூன்று கலவையில் எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து நிழலில் உலர்த்துங்கள். மேலே வெடிப்பு விட்டது மணல் போதாதது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் பொலபொலவென்று உதிர்வது மணல் மிஞ்சியது. வெடிக்காமலும் உடையாமலும் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஒரே வளைவுக்குள் மண் மாறும், பக்கத்து வீட்டு விகிதம் உங்களுக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.

சேம்பர் செங்கல்லை நன்றாக ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும். சந்து 5 மிமீ. ஒவ்வொரு நாலு வரிக்கும் உள்பக்கத்தை ஈரத்துணியால் வழித்துவிடுங்கள். புகை போகும் பாதையின் உள்ளே பூச்சு பூசக் கூடாது. அது ஒருநாள் பெயர்ந்து விழுந்து கீழ்த் துவாரத்தை அடைக்கும். ஒரு நாளைக்கு 5, 6 வரிக்கு மேல் ஏற்றாதீர்கள். மண் கலவை சிமெண்ட் மாதிரி மாலைக்குள் இறுகாது, மேல்பாரத்தில் பிதுங்கும். வெளியே பூச வேண்டுமென்றால் அடுப்பு ஒரு மாதம் எரிந்த பிறகு சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் பொடி) கலந்த பூச்சு. பெயிண்ட் அடித்தால் நாறும், சுண்ணாம்பு அடியுங்கள்.

சிம்னியில் கூரைக்கு வெளியே தெரியும் பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கே களிமண் வைத்தால் ஒரே மழையில் கரைந்து ஓடும். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. புகை அங்கே வரும்போது நூற்றைம்பது டிகிரிக்குள் ஆறியிருக்கும், அந்தச் சூட்டுக்குச் சிமெண்ட் தாங்கும்.

ஓட்டுக்கூரை:
சிம்னியில் பலரும் கோட்டைவிடுவது ஊரின் உயரக் கணக்கில். 6,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். அதே விறகு எரிய நாலில் ஒரு பங்கு கூடுதல் கனஅளவு காற்று வேண்டும், சிம்னியின் இழுப்பும் குறையும். ஐரோப்பிய வரைபடத்தில் 7க்கு 7 இஞ்ச் என்று இருந்தால் இங்கே 8க்கு 8. மேலே சொன்ன அடுப்புக்கு அதுதான் சரியான அளவு. எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) குழாய் போடுவதானால் 8 இஞ்ச் வட்டம் போதும். சதுரத்தின் மூலைகளில் புகை ஓடுவதில்லை.

உயரம் எரியறைத் தரையிலிருந்து 16 அடியாவது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி மேலே, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எந்த மேட்டைவிடவும் 2 அடி மேலே. முகட்டுக்குக் கீழே நின்றால் காற்று முகட்டைத் தாண்டி இறங்கிப் புகையை உள்ளே அமுக்கும். ஆகவே முகட்டுக்குப் பக்கத்தில், வீட்டுக்குள்ளாகவே ஏற்றுங்கள். வெளிச்சுவரில் ஒட்டிக் கட்டிய சிம்னி எப்போதும் ஜில்லென்றிருக்கும்; குளிர்ந்த சிம்னி இழுக்காது, தாரும் சேர்க்கும்.

கைமரத்துக்கும் செங்கல் சிம்னிக்கும் நடுவே 2 இஞ்ச் காலியிடம். அதை மரத்தூள், தெர்மாகோல் எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். அடைத்தே ஆக வேண்டுமென்றால் செராமிக் வூல், மேலே தகரம். ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் மரத்திலிருந்து 18 இஞ்ச் தள்ளியிருக்க வேண்டும். ஓடும் சிம்னியும் சேரும் இடத்தில் அலுமினியத் தகட்டை மேல்பக்கம் ஓட்டுக்கு அடியிலும் கீழ்ப்பக்கம் ஓட்டுக்கு மேலும் வரும்படி மடித்து, செங்கல் சந்துக்குள் ஒரு இஞ்ச் செருகிப் பூசுங்கள். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் சாய்வாக அடிக்கும் ஊர், வெறும் சிமெண்ட் பூச்சு ஒரு வருடம்கூட நிற்காது. தொப்பிக்கும் சிம்னி வாய்க்கும் இடையே 8 இஞ்ச் இருக்கட்டும்.

விறகு: சீகை அருமையானது. கற்பூர மரம் வெட்டின ஈரத்தோடு எரித்தால் சிம்னி முழுக்கத் தார் பூசும். பிளந்து, நாலு பக்கமும் காற்றோடும் கொட்டகையில் ஒரு வருடம் அடுக்கி வைத்ததாக இருக்க வேண்டும். கட்டையின் நுனியில் ஆரக்கால்போல வெடிப்பு ஓடியிருக்கும், இரண்டைத் தட்டினால் சத்தம் தெறிக்கும். நீளம் 15 இஞ்ச், கனம் மணிக்கட்டு அளவு. தேயிலைத் தூர் கிடைத்தால் அதுவும் நல்ல விறகு. இன்னொன்று: சொந்த நிலத்து மரமே ஆனாலும், 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் வெட்டக் கூடாது. டிப்போவில் ரசீதோடு வாங்கிவிடுங்கள்.

மலைக்காற்று:
மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ராத்திரி சூடு சிம்னி வழியாக ஓடிப்போகாமல் இருக்க டாம்பரை (புகைவழியை அடைக்கும் தகடு) முழுக்க மூடலாமா? கட்டி முடித்த எத்தனையாவது நாள் எரிக்கலாம்?

தீச்செங்கல்:
முழுக்க மூடக்கூடிய டாம்பரே வைக்காதீர்கள். தகட்டில் 2½ இஞ்ச் துளை ஒன்று போட்டுத்தான் பொருத்த வேண்டும். அடுப்பில் தணல் இருக்கும்வரை கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும், நிறமில்லை, வாசனையில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் வந்ததுண்டு. தணல் மேல் நீல நாக்கு அடங்கி, கிளறினாலும் வராமல் இருந்தால்தான் டாம்பரைத் தள்ள வேண்டும். அதற்கும் மேலே, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று ஹாலிலும் ஒன்று படுக்கையறையிலும் மாட்டுங்கள்.

தொண்டைக்கு மேலுள்ள அறையின் மேலிருந்து நேராகச் சிம்னிக்குப் போக 6க்கு 6 இஞ்ச் குறுக்கு வழியும் அதற்கொரு சறுக்குத் தகடும் வையுங்கள். பற்றவைக்கும்போது திறந்து, பத்து நிமிடத்தில் சிம்னி சூடேறியதும் மூடிவிட வேண்டும். பல நாள் எரிக்காமல் கிடந்தால் சிம்னிக்குள் குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். சிம்னி அடிக் கதவுக்குள் இரண்டு செய்தித்தாளைக் கசக்கிக் கொளுத்தினால் நகர்ந்துவிடும். இது தெரியாமல் விறகைப் பற்றவைத்துவிட்டு, புகை ஹாலுக்குள் வந்ததும் அடுப்பே தப்பு என்று இடித்துப் பார்ப்பார்கள்.

காயவைப்பது: எல்லாக் கதவையும் திறந்துபோட்டு மூன்று வாரம். அப்புறம் ஒரு காகிதத்தை ராத்திரி எரியறைக்குள் வைத்து, காலையில் மொறுமொறுவென்று இருக்கிறதா பாருங்கள். துவண்டிருந்தால் இன்னும் ஒரு வாரம். முதல் நாள் ஒரு கிலோ சுள்ளி. பிறகு நாளொன்றுக்கு ஒரு கிலோ கூட்டி, பத்தாவது நாள் 10 கிலோ. வெளிச்சுவர் வியர்த்தால் அன்றைக்கு அளவைக் கூட்டாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது பெருந்தீ போட்டால் நீராவி வழி தேடிச் செங்கல்லைப் பிளக்கும். ஜனவரியில் கட்டத் தொடங்கினால் மார்ச்சுக்குள் வெயிலில் இதெல்லாம் நடந்துவிடும். ஜூலையில் கட்டினால் காகிதம் துவண்டுகொண்டே இருக்கும்.

எரிக்கும் முறை: தடித்த கட்டை அடியில், சுள்ளி மேலே, நெருப்பு உச்சியில். மேலிருந்து கீழே எரிந்து வந்தால் புகையே தெரியாது. காற்றுக் கதவை முழுக்கத் திறந்து வேகமாக எரிய விடுங்கள். காற்றைக் குறைத்து ராத்திரி முழுக்கப் புகையவிடுவது இந்த அடுப்புக்குச் செய்கிற துரோகம். உறைபனி விழும் வாரங்களில் மாலை 10 கிலோ, காலையில் 5 கிலோ. அதற்குமேல் திணித்தால் வெளிச்சுவர் தொடமுடியாமல் சுடும், விரிசலும் விடும்.

பங்களாக்கணப்பு:
கேட்டவருக்கு இது பொருந்தும், வருடம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு வார இறுதிக்கு மட்டும் வருகிறவர்கள் கட்டக் கிளம்ப வேண்டாம். ஆறிக்கிடக்கும் 3 டன் செங்கல் வெளிப்பக்கம் சூடு காட்டவே நாலைந்து மணி நேரம் ஆகும். வெள்ளி ராத்திரி பற்றவைத்தால் சனிக்கிழமைதான் சுகம். அவர்களுக்கு வார்ப்பிரும்பு அடுப்புதான் லாயக்கு.

ஏற்கெனவே திறந்த ஃபயர்ப்ளேஸ் உள்ள பழைய வீடு என்றால் இடிக்காமலே பாதி குறையைத் தீர்க்கலாம். விஞ்ஞானி கவுண்ட் ரம்ஃபோர்டு 1796இல் எழுதிவைத்த அளவுதான்: வாய் 36 இஞ்ச் என்றால் பின்சுவர் 12, ஆழம் 12, பக்கச் சுவர்கள் பின்சுவரோடு 135 டிகிரியில் விரிய வேண்டும், தொண்டை 4 இஞ்ச். நம் பங்களாக்களில் ஆழம் 2 அடிவரை இருக்கும், பக்கச்சுவர் நேராக நிற்கும். சூடு அறையைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்க்கும். உள்ளே தீச்செங்கல்லால் ஒரு சாய்வு அடுக்கு கட்டினால் போதும், ஒரு கொத்தனாருக்கு மூன்று நாள் வேலை.

மலைக்காற்று, சீலிங் வேலையை அடுப்புக்கு முன்னால் முடியுங்கள். ஓட்டுச் சந்து வழியாக வானம் தெரிகிற ஹாலில் எந்த அடுப்பும் எடுபடாது. ஓட்டுக்கு அடியில் பலகை அடித்து, அதற்கு மேல் 2 இஞ்ச் ராக் வூல் (சூடு கடத்தாத கல்பஞ்சு) விரித்தால் 10 கிலோ விறகு கேட்கிற இடத்தில் 7 கிலோவில் முடியக்கூடும். சிம்னி துளைக்கும் இடத்தைச் சுற்றி 2 அடிக்கு மட்டும் பலகை வேண்டாம், சிமெண்ட் போர்டு போடுங்கள். அடுப்பு வாய்க்கு முன்னால் 18 இஞ்ச் அகலத்துக்குக் கடப்பா கல். மரத்தரை போடுவதாக இருந்தால் அதை இப்போதே பிளானில் குறித்துவிடச் சொல்லுங்கள்.